முக்காலி உயரம்

குருவைத் தேடிப் போகிறவர்கள் பழத்தட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். மாசிலாமணி வாத்தியார் எவர்சில்வர் டப்பா எடுத்துக்கொண்டு போனார். டப்பாவுக்குள் மூன்று செத்த மீன்கள் இருந்தன.

போன இடமும் மலை இல்லை, மடம் இல்லை. கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. தெருவின் கடைசியில் 'குரு மீன் கடை' என்று ஒரு பலகை. உள்ளே தாடி வைத்த ஆசாமி யாரும் இல்லை. நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு, கையில் வலையோடு ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பேர் குருவம்மா. சாத்தூர்ப் பக்கம் அந்தப் பேர் நிறைய உண்டு. சென்னைக்கு வந்ததும் வாடிக்கைக்காரர்கள் பாதியை வெட்டி 'குரு' ஆக்கிவிட்டார்கள். அதில் அவளுக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

வாத்தியாருக்கு அறுபத்து நாலு. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் சந்தேகம் தீர்த்த மனுஷன், தன்னைவிட இருபத்தைந்து வயது சின்னவளிடம் போய்ச் சந்தேகம் கேட்பது அதுதான் முதல் தடவை. டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

"ஏம்மா, இது ஏன் சாவுதுன்னு பாத்துச் சொல்லு."

அவள் மூடியைத் திறந்தாள். மீனைப் பார்த்துவிட்டு மூடினாள்.

"மொத்தம் எத்தனை இருந்துது?"

"பதினாலு."

"இப்ப?"

"ஒண்ணு. நியான் டெட்ரா. அது ஒண்ணாவது பொழைக்கணும்."

"எத்தனை நாள்ல செத்துது?"

"பதினாறு நாள்ல."

பதினாறு என்றதும் அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மீசை எடுத்த இடம் வெளுப்பாக இருந்தது.

"வீட்ல யாரு சார் தவறிட்டாங்க?"

"என் சம்சாரம்."

"நீங்க... வில்லிவாக்கம் வாத்தியாரா? பூரணியம்மா வீட்டுக்காரரா?"

வாத்தியார் தலையாட்டினார். குருவம்மா வலையைக் கீழே வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் ஏஞ்சல் மீனுக்கு விலை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் காதில் விழவில்லை.

"ஆடி மாசம் வந்தாங்க சார். ஆட்டோவை நிக்க வெச்சுட்டு உள்ள வந்து, இந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. ஆவணில வரல. எனக்கு அப்பவே பக்குன்னுது."

கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்தாள். குரல் கடைக்காரி குரலாக மாறிவிட்டது.

"தண்ணியை என்ன பண்ணீங்க?"

"சுத்தமாதான் இருக்கு. பளிங்கு மாதிரி."

"அதைக் கேக்கல. பழைய தண்ணியை என்ன பண்ணீங்க?"

வாத்தியார் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரை வைத்திருக்க மாட்டார்கள். எடுத்துக்கொண்டு போன கையோடு குடம், தவலை, டிரம் எல்லாவற்றையும் கவிழ்த்து, வீட்டை அலசிவிடுவார்கள். பூரணியை எடுத்த அன்றும் அப்படித்தான் நடந்தது. யாரோ ஒரு அத்தை கண்ணாடித் தொட்டியைக் காட்டி, "இதுவும் பிடிச்சு வெச்ச தண்ணிதானே?" என்று கேட்டாள்.

"சொந்தக்காரங்க கொட்டிட்டாங்க," என்றார் வாத்தியார். "நான் சுடுகாட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா புதுத் தண்ணி."

"ஃபில்டர் ஸ்பான்ஜு?"

"அதையும் சோப்புத்தூள் போட்டு, வெந்நீர்ல அலசி..."

"கூழாங்கல்லு?"

"செடியை மட்டும் தொடாம, பிரஷ் போட்டுத் தேய்ச்சு..."

குருவம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது பிடிச்சு வெச்ச தண்ணி இல்ல சார். பழக்கி வெச்ச தண்ணி. மீன் போடற கழிவை எல்லாம் தின்னு தீக்கற கிருமி, அந்த ஸ்பான்ஜுல, கல்லுல குடியிருக்கும். அது வந்து குடியேறவே ஒரு மாசம் ஆவும். ஒரே நாள்ல மொத்தத்தையும் கொன்னாச்சு. அப்புறம் மீனு தன் கழிவுலயே மூச்சு முட்டிச் சாவும்."

"அம்மோனியா," என்றார் வாத்தியார் மெதுவாக. "முப்பத்தோரு வருஷம் நைட்ரஜன் சுழற்சி படம் போட்டுப் பாடம் நடத்தியிருக்கேம்மா. கண்ணை மூடிக்கிட்டே வரைவேன்."

"போர்டுல மீன் சாவாது சார்."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபப்பட உடம்பில் தெம்பு இல்லை. சட்டைப்பையில் கையை விட்டார்.

"சரி. போனது போச்சு. பதிமூணு டெட்ரா கொடு. மிச்சம் இருக்கறது தனியா, தொட்டியில கிடக்கற கட்டைக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டு, நாலு நாளா சாப்பிட மாட்டேங்குது. கூட்டத்தோட இருக்கற மீனாமே அது?"

"ஆமா, கூட்டத்து மீனுதான்."

"அப்பக் கொடு."

"விக்க மாட்டேன்."

அட, கடையைத் திறந்து வைத்துக்கொண்டு விற்க மாட்டேன் என்கிறாளே என்று வாத்தியார் திகைத்துப் பார்த்தார். அவள் கடையின் மூலைக்குப் போனாள். அங்கே ஒரு பழைய தொட்டி. வெளியே இருந்து பார்த்தால் பாசி பிடித்து அசிங்கமாக இருந்தது. அதற்குள் கையை விட்டு, கறுப்பாகச் சொதசொதவென்று இருந்த ஒரு ஸ்பான்ஜை எடுத்துப் பாலிதீன் பையில் போட்டு, அந்தத் தொட்டித் தண்ணீரையே இரண்டு கை ஊற்றினாள். கூடவே ஒரு பிடி வேலம்பாசியும் வைத்தாள்.

"இதை உங்க ஃபில்டர்ல சொருகுங்க. கழுவக் கூடாது."

வாத்தியார் பையை விரல் நுனியால் பிடித்துப் பார்த்தார். "இவ்வளவு அழுக்கா இருக்கே?"

"உங்க பேரு என்ன சார்? பூரணியம்மா 'வாத்தியாரு'ன்னேதான் சொல்லுவாங்க."

"மாசிலாமணி."

அவ்வளவு துக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேர்லயே அழுக்கு ஆவாதுன்னு எழுதியிருக்கு. சார், பாலுக்கு உறை ஊத்தறப்போ மோரைக் கழுவியா ஊத்தறோம்? அப்படியே போடுங்க."

"சரி. அப்புறம்?"

"தினம் ரெண்டு மக் பழைய தண்ணி எடுத்துட்டு ரெண்டு மக் புதுத் தண்ணி. புதுத் தண்ணின்னா, முத நாளே வாளில பிடிச்சு வெச்ச தண்ணி. விளக்கு போடாதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை பாட்டில்ல தொட்டித் தண்ணி கொஞ்சம் கொண்டு வாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் கையை வெளிய வெச்சுக்கிட்டு உக்காருங்க."

"உக்காந்து?"

"உக்காருங்க சார். அவ்வளவுதான்."

அந்தத் தொட்டியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பூரணிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து முதல் ஆபரேஷன் முடிந்த மாதம் அது வீட்டுக்கு வந்தது. வாத்தியார் வேண்டாம் என்றார். உடம்பு முடியாத நேரத்தில் இது எதற்கு, யார் தண்ணீர் தூக்குவது என்றார். அவள் கேட்கவில்லை. எல்லாரும் சுவரோரமாக வைப்பார்கள். அவள் அதை ஹாலுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே தடுப்பு மாதிரி வைத்தாள். இந்தப் பக்கம் ஹாலில் ஜன்னலோரம் வாத்தியாரின் நாற்காலி, கையில் பேப்பர். அந்தப் பக்கம் பூரணி. நடுவில் தண்ணீரும் செடியும். பதினாலு மாதம் அப்படியே ஓடியது. அவருக்கு அது பேப்பருக்கு மேலே கண்ணில் படுகிற ஒரு பச்சை, அவ்வளவுதான். எத்தனை மீன் என்பதையே அவர் எண்ணியது, முதல் மீன் செத்து மிதந்த அன்றுதான்.

ஒரு வாரம் உட்கார்ந்தார். நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சும்மா உட்காருவது என்பது அவருக்குத் தெரியாத வித்தை. கண்ணாடியில் ஒரு சொட்டுப் பாசி தெரிந்தால் கை துறுதுறுக்கும். செடியில் ஒரு இலை மஞ்சளானால் கிள்ளிப் போடத் தோன்றும். கையை இரண்டு தொடைக்கும் அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரிய மனுஷன், பெஞ்சுமேல் தண்டனை வாங்கினவன் மாதிரி.

டெட்ரா கட்டையின் பின்னாலேயே இருந்தது. நீலக் கோடு மங்கிப் போயிருந்தது. தீனியைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தீனி கீழே இறங்கிச் செடியில் ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு பாட்டிலோடு போனார். குருவம்மா சின்னக் குழாயில் தண்ணீரை ஊற்றிச் சொட்டு மருந்து விட்டாள். தண்ணீர் கரும்பச்சையாக மாறியது.

"மஞ்சள்னா நல்லது. பச்சைன்னா விஷம்," என்றாள்.

"தெரியும்," என்றார் வாத்தியார். பிறகு, "இது ரொம்பப் பச்சை," என்றார்.

"சாப்பிட்டுதா?"

"இல்ல. பாசியை எப்பவாச்சும் கொத்துது. அதுக்குத் துணை வேணும்மா. தனியா இருந்து இருந்தே செத்துப் போயிடும். ரெண்டே ரெண்டு கொடு, போதும்."

"இந்தப் பச்சையில விட்டா அந்த ரெண்டும் சாவும். துணைக்குன்னு கூட்டிட்டுப் போய்க் கொல்லணுமா?"

"பின்ன அதுக்கு யாரு இருக்கா?"

"நீங்க இருக்கீங்க."

வாத்தியாருக்கு எரிச்சல் வந்தது. "நான் என்ன மீனா? ஒரு வாரமா எதிர்லயேதான் உக்காந்திருக்கேன். என்னைக் கண்டா இன்னும் உள்ள போவுது."

குருவம்மா குழாயைக் கழுவி வைத்தாள்.

"பூரணியம்மா எத்தனை மணிக்குத் தீனி போடுவாங்க?"

வாத்தியார் யோசித்தார். "காலையில... இல்ல, சாயங்காலமா?"

"எந்தப் பக்கத்துல இருந்து போடுவாங்க?"

"அந்தப் பக்கம்னு நினைக்கறேன்."

"நின்னுக்கிட்டா, உக்காந்தா? டப்பாவைத் தட்டுவாங்களா? ஏதாச்சும் பேசுவாங்களா?"

தெரியாது. அந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது. முப்பத்தாறு வருஷம் ஒரு கூரையின் கீழே இருந்தவர். மாணவர்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் 'தெரியாது' என்று சொல்லாதவர், மீன் கடையில் நின்று நாலு தடவை சொன்னார்.

"மீனுக்குத் தெரியும் சார்," என்றாள் குருவம்மா. "அது அந்த இடத்துலதான் வந்து பாக்கும். அங்க யாரும் இல்லைன்னா திரும்பிப் போயிடும். அந்த இடம் எதுன்னு கண்டுபிடிங்க. அப்புறம் சாப்பிடும்."

வீட்டுக்கு வந்தார். தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். பதினாலு மாதத்தில் அவர் அந்தப் பக்கம் நின்றதே இல்லை. சாப்பிடப் போவார், வருவார், அவ்வளவுதான். அங்கே ஒன்றும் இல்லை. காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெறும் தரை.

நின்றபடி தீனி போட்டார். வரவில்லை. குனிந்து போட்டார். வரவில்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார், தொட்டி தலைக்கு மேலே போய்விட்டது. எழுந்திருக்கக் கையை ஊன்றியபோதுதான் பார்த்தார். வெள்ளை டைல்ஸில் மூன்று கறுப்பு வட்டங்கள். எட்டணா அகலம். ரப்பர் தேய்ந்து தேய்ந்து ஒட்டின கறை. அன்றைக்கு வீட்டையே பினாயில் ஊற்றி அலசினார்களே, அதற்கும் போகாத கறை.

மூன்று வட்டம். நாற்காலிக்கு நாலு கால் இருக்கும்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால், அடுக்கிவைத்த அண்டாக்களுக்கு அடியில் அந்த முக்காலி கிடைத்தது. பலகைக்கு அடியில் ஒரு ஆணி அடித்து, அதில் ஒரு துணிப்பை தொங்கியது. பைக்குள் தீனி டப்பா ஒன்று, மாத்திரை அட்டை ஒன்று, நீளமான கத்திரிக்கோல் ஒன்று. காரியத்துக்கு வந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அவரும் இத்தனை நாள் கடையில் புதிதாக வாங்கின டப்பாவில் இருந்துதான் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

முக்காலியை மூன்று வட்டத்தின் மேல் வைத்தார். பிசகாமல் உட்கார்ந்தது. அதன்மேல் அவர் உட்கார்ந்தார். டப்பாவின் மூடியைத் திருகினார். துருப்பிடித்த மூடி, 'கிர்ர்' என்றது.

டெட்ரா வெளியே வந்தது.

கட்டையைச் சுற்றிக்கொண்டு, செடிகளுக்கு நடுவே ஓடிவந்து, அவர் முகத்துக்கு நேரே நின்றது. வாத்தியார் மூச்சை விடவில்லை. ஒரு சிட்டிகை போட்டார். தின்றது. இன்னொரு சிட்டிகை. தின்றது. நீலக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

"தின்னுடி கண்ணு, தின்னு," என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை வந்து எத்தனை வருஷமோ.

மீனையே பார்த்துக்கொண்டிருந்த கண் அப்புறம்தான் மீனுக்குப் பின்னால் போனது. தொட்டி நிறையச் செடி. இடமும் வலமும் அடைசலாக நிற்கிறது. நடுவில் மட்டும், ஒரு நோட்டுப்புத்தக அளவுக்கு, செடியே இல்லை. தானாக விட்ட இடம் இல்லை அது. தண்டுகளைக் குறுக்கே வெட்டியிருந்தது தெரிந்தது. வெட்டின இடத்தில் புதுத் துளிர் வந்து, பழையபடி அடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நின்றால் அந்த இடைவெளி தெரியாது. தரையில் உட்கார்ந்தால் தெரியாது. முக்காலி உயரத்துக்குத்தான் தெரியும்.

அதன் வழியே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், ஹாலில் ஜன்னலோரம் அவருடைய நாற்காலி தெரிந்தது. நேற்றைய பேப்பர் அதன்மேல் கிடந்தது.

வாத்தியார் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். மனைவியை எடுத்த அன்று அழாதவர், பதினாறாம் நாள் எல்லாரும் கட்டிப் பிடித்தபோதும் அழாதவர், முக்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மூன்றாம் ஞாயிறு பாட்டில் தண்ணீர் இளம்பச்சையாக மாறியது.

"சாப்பிட்டுதா?" என்றாள் குருவம்மா.

"சாப்பிட்டுது. தினம் சாப்பிடுது."

"இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கிளம்பினவர் படியில் நின்றார். திரும்பி வந்தார்.

"ஒண்ணு சொல்லணும்மா. தொட்டியைக் கழுவினது சொந்தக்காரங்க இல்ல. நான்."

"தெரியும் சார்."

"எப்படி?"

"வேற யாராச்சும்னா செடியையும் பிடுங்கிப் போட்டிருப்பாங்க. தண்ணியைக் கொட்டி, கல்லைத் தேய்ச்சு, ஸ்பான்ஜை வெந்நீர்ல போட்டவங்க செடியில மட்டும் கை வைக்கலைன்னா, அது யாரு நட்டதுன்னு தெரிஞ்சவங்களாத்தான் இருக்கணும்."

வாத்தியார் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இந்தத் தீட்டு கீட்டுல எல்லாம் நம்பிக்கை கிடையாதும்மா. ஆனா அன்னிக்கு சுடுகாட்டுல இருந்து வந்தேன், குளிச்சேன், அழுகை வரல. எல்லாரும் என் மூஞ்சையே பாக்கறாங்க. கை சும்மா இருக்க மாட்டேங்குது. 'இதுவும் தண்ணிதானே'ன்னு அத்தை சொன்னதும், நானே செய்யறேன்னுட்டேன். மீனை எல்லாம் பக்கெட்ல விட்டுட்டுத் தேய்ச்சேன். ஒவ்வொரு கல்லா தேய்ச்சேன். தேய்ச்சா அழுகை வந்துரும்னு நினைச்சேன்."

குருவம்மா குழாயைக் கீழே வைத்தாள்.

"அவ எங்கிட்ட சொன்னாம்மா. ஆஸ்பத்திரியில, கடைசி வாரம். 'தண்ணியை மொத்தமா மட்டும் மாத்திடாதீங்க'ன்னு. நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். 'ம்'னேன். அந்த 'ம்' எனக்கு நேத்துதான் ஞாபகம் வந்துது. இதுக்கு என்ன செய்யறது? நீயே சொல்லு."

அவள் அவர் கொண்டுவந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி, அவர் கையில் திரும்பக் கொடுத்தாள்.

"தினம் ரெண்டு மக் சார்," என்றாள். "அதுக்கு மேல வேணாம்."

ஐந்தாம் ஞாயிறு குழாய்த் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. குருவம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மஞ்சள்தான்.

"இப்ப விப்பியா?"

"இப்பத் தரேன்."

அவளே வலையை எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, எட்டு டெட்ராவைப் பிடித்துப் பையில் விட்டாள். காற்று ஊதிக் கட்டினாள். "உடனே கொட்டிடாதீங்க. பையோட தொட்டியில அரை மணி மிதக்க விடுங்க. அப்புறம் உங்க தண்ணி கொஞ்சம் கொஞ்சமா பைக்குள்ள. ரெண்டும் பழகட்டும்."

"சரி குருவே," என்றார் வாத்தியார். கிண்டலாகத்தான் சொல்ல நினைத்தார், கிண்டலாக வரவில்லை. பையை வாங்கிக்கொண்டும் அவர் நகரவில்லை.

"செடி வளந்துட்டுது," என்றார்.

"வளரும். தண்ணி நல்லா இருக்குல்ல."

"நடுவுல ஒரு இடம் இருந்துது. சதுரமா. அவ வெட்டி வெச்சது. அது இப்ப முக்கால்வாசி அடைச்சுக்கிச்சு. வெட்டறதா விடறதான்னு தெரியல. கத்திரியை எடுக்கறேன், வெச்சுடறேன்."

குருவம்மா கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அந்தக் கத்திரி நான் கொடுத்ததுதான் சார். இந்த மேஜை மேலதான் வெச்சுக் கொடுத்தேன்."

"அப்ப உனக்குத் தெரியுமா அந்த இடம்?"

"பாத்ததில்ல. சொல்லியிருக்காங்க."

வாத்தியார் கிட்டே வந்தார். தெருச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"முக்காலியில உக்காந்தா அது வழியா என் நாற்காலி தெரியுதும்மா. பதினாலு மாசம். அவ மீனைப் பாக்கறான்னு நான் நினைச்சேன். அந்த வலியோட உக்காந்து, அவ என்னைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா. எனக்குத் தெரியாமப் போச்சே. என்னைப் பாக்கறதுக்குன்னு ஒரு ஜன்னல் வெட்டி வெச்சிருக்கா, எனக்குத் தெரியாமப் போச்சே."

குருவம்மா வலையை எடுத்தாள், திரும்ப வைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசிப்பது அவருக்கே தெரிந்தது.

"சொல்லு," என்றார்.

"நானும் அப்படித்தான் சார் கேட்டேன். செடி அடைச்சு வந்தாத்தானே அழகு, நடுவுல வெட்டறீங்களே, வாத்தியாரைப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கான்னு. சிரிச்சாங்க. 'அவரைத்தான் முப்பத்தஞ்சு வருஷமா பாக்கறேனே குரு'ன்னாங்க."

"பின்ன எதுக்காம்?"

"'என்னிக்காவது ஒருநாள் பேப்பரை இறக்கி நிமிர்ந்து பாப்பாரு. அப்ப நான் தெரியணும்'னாங்க."